அம்பு ஒட்டிய துத்தி

"நல்லா இருக்கு" என்று எங்கள் செக்கிங் அக்கா எதைப் பற்றியும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆறு வருஷம் ஒரே கம்பெனியில் குப்பை கொட்டினோம். அந்த ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஆகப் பெரிய பாராட்டு "பாஸ் பண்ணலாமுங்க" என்பதுதான். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பது பேராசை.

என் மகள் பிறந்த மூன்றாம் மாதம், ஊருக்குக் காட்டுகிற பெருமையில் அவளைக் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆளாளுக்கு வாங்கிக் கொஞ்சினார்கள். அக்கா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார். பிள்ளையை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், இரண்டு காதையும் விரலால் நீவி ஒப்பிட்டார். "ரெண்டு பக்கமும் அளவு ஒத்து வருதுங்க சார். நெத்தியில மட்டும் ஒரு மச்சமுங்க. மைனர்தானுங்க. பாஸ் பண்ணலாமுங்க" என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என் மனைவிக்கு இன்றைக்கும் அந்த அக்கா பெயரை எடுத்தால் ஆகாது.

அனுப்பர்பாளையத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்த பனியன் கம்பெனி அது. நான் மெர்ச்சண்டைசர். அதாவது, ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் கேட்பதையெல்லாம் "முடியும்" என்று மெயிலில் எழுதிவிட்டு, எப்படி முடிப்பது என்று பிறகு யோசிக்கிற உத்தியோகம். அக்கா ஃபைனல் செக்கிங்குக்கு இன்சார்ஜ். நான் முடியும் என்று எழுதியது எங்கெங்கே முடியவில்லை என்று கண்டுபிடிக்கிற உத்தியோகம். எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் மேஜையைத் தாண்டாமல் ஒரு டி-ஷர்ட்கூடப் பெட்டிக்குள் போகாது. விரல் நகம் அளவுக்குச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒன்று எப்போதும் அவர் இடது மணிக்கட்டில் வளையலோடு வளையலாகக் கிடக்கும். நூல் பிரிந்திருந்தால் ஒரு அம்பு, எண்ணெய்க் கறை இருந்தால் ஒரு அம்பு, காலர் ஒரு நூலளவு ஏறியிருந்தால் ஒரு அம்பு. அம்பின் முனை குற்றத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். சின்னக் குற்றம் மைனர், பெரிய குற்றம் மேஜர். பக்கத்தில் மூன்று கூடைகள். பச்சை பாஸ். மஞ்சள் ஆல்ட்டர், அதாவது பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும். சிவப்பு ரிஜெக்ட், அதற்கு விமோசனம் கிடையாது. ஒட்டிய அம்பை வேறு யாரும் உரிக்கக் கூடாது. டெய்லர் திருத்திக் கொண்டுவந்து நீட்ட வேண்டும், அக்கா மறுபடி பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அவரே உரித்து எடுப்பார். "ஒட்டினவங்கதானுங்க எடுக்கோணும்" என்பது அந்த ஹாலின் சட்டம்.

இத்தனைக்கும் கோபம் என்பதே கிடையாது. அதுதான் எனக்குப் பொறுக்காது. நான் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் ஊரில் ஒருத்தனைத் திட்ட வேண்டுமென்றால் திட்டிவிடுவோம், சோலி முடிந்தது. இங்கே "தப்பா நெனைச்சுக்காதீங்க சார்" என்று ஆரம்பித்தால் ஒரு லாட் சரக்கே போயிற்று என்று அர்த்தம். இவ்வளவு மரியாதையாக ஒருவர் நம் பிழைப்பில் மண்ணைப் போட முடியும் என்பதைத் திருப்பூர் வந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஒருமுறை ஷிப்மென்ட் அன்று காலையில் ஒரு டி-ஷர்ட்டின் தோள்பட்டையில் ஊசி ஓட்டை ஒன்றைப் பார்த்தேன். கடுகுகூடப் பெரியது, அவ்வளவு சின்னது. மடித்து, கார்ட்டனின் நடுவில் ஏழாவதோ எட்டாவதோ பீஸாகச் செருகிவிட்டு, நல்ல பிள்ளையாக நின்றேன். அக்கா வந்தார். நான் நின்ற விதத்தைப் பார்த்தாரோ என்னவோ, நேராக அதே பெட்டியைத் திறந்தார். மேலேயிருந்து எண்ணிக்கொண்டே போய் அதே பீஸை உருவினார்.

"ஒரு ஓட்டைதானக்கா. ஏங்க்கா இப்படிப் படுத்துதிய? அங்க எவன் பாக்கப் போறான்?" என்றேன்.

"ஓட்டை சின்னதுதானுங்க சார். நீங்க காட்டியிருந்தீங்கன்னா மைனருங்க. மறைச்சு வெச்சதுனால மேஜருங்க."

அதைச் சொல்லி ஒரு அம்பை ஒட்டினார். பிறகு அந்தப் பெட்டியை மட்டுமல்ல, அன்றைக்குப் போக வேண்டிய அத்தனை பெட்டியையும் பிரித்தார். நான் அன்று மதியம் சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, கேன்டீன் ரசத்தில் கடுகு கருகியிருப்பதாக மாஸ்டரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் வீட்டுக்காரர் அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் பாலீஷ் போடுகிறவர். ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்கு வந்திருந்தபோது பொரி தின்றுகொண்டே பேசினோம். "கல்யாணமாயி இருவது வருசமாச்சுங்க. நான் இன்னும் ஆல்ட்டர் கூடையிலதானுங்க கெடக்கறேன். ரிஜெக்ட் பண்ணாம வெச்சிருக்குதே, அதுவே பெருசுங்க" என்றார். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுக்கவில்லை. வீட்டுக்காரர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பொரியை மட்டும் எடுத்துவிட்டார்.

இப்பேர்ப்பட்ட அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு டீ மணி அடித்ததும் எல்லோரும் கேட் பக்கம் வடைக்கு ஓடுவார்கள். அக்கா மட்டும் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில், ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் போவார். அங்கே கம்பெனிக்குச் சொந்தமான தரிசு கொஞ்சம் கிடந்தது. கட்டிங் வேஸ்ட், உடைந்த நூல் கோன், பார்த்தீனியம், நெருஞ்சி, நாலைந்து எருக்கு. அதற்கு நடுவில் துத்திச் செடிகள். அந்தத் துத்தி ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டீ குடிப்பார்.

எங்கள் பக்கம் துத்தி இலையைத் தேடிப் போகிறவர்கள் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் போவார்கள். மூலம். அக்காவுக்கு நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை வேறு. பாவம், யாரிடமும் சொல்ல முடியாமல் கஷ்டப்படுகிறார் என்று ஒரு மாசம் முழுக்க மனசார வருத்தப்பட்டேன். கேன்டீனில் அவர் மிளகாய் பஜ்ஜியை எடுத்தபோது "காரம் கொறைச்சுக்கங்கக்கா" என்றுகூடச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பஜ்ஜியைத் திருப்பிப் பார்த்தார். பஜ்ஜியில் குற்றம் ஒன்றும் தெரியாததால் சாப்பிட்டுவிட்டார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அக்காவின் மேஜை டிராயரில் ஒரு பழைய இன்ஸ்பெக்ஷன் புத்தகம் இருந்தது. முன்பக்கங்களில் பனியன். பின்பக்கங்களில் பூ. அதே கட்டம், அதே தலைப்பு. 'மாசி 4. துத்தி. ஜெனரேட்டர் பின்னாடி, செவுத்தோரம். விரிஞ்ச நேரம் 4.10. இதழ் 5. கலர் சரி. மேஜர் இல்லை. மைனர் 1 – எறும்பு.' அதற்கு முந்தின வருஷம் மாசி 9. அதற்கும் முந்தின வருஷம் நெருஞ்சி முந்திக்கொண்டதாகக் குறிப்பு. பங்குனியில் வேம்பு, காம்பவுண்டுக்கு வெளியே நிற்கிற புங்கை. ஒவ்வொன்றிலும் முதல் பூ மட்டும். இரண்டாவது பூ எப்போது வந்தது என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை.

"என்னக்கா இது? பூவுக்கெல்லாமா ரிப்போர்ட்டு?" என்றேன்.

"மொத பீஸு சரியா வந்துட்டா லாட்டு சரியா வருமுங்க சார்."

"சரியா வரலன்னா? செடியத் திருப்பி அனுப்பிருவியளோ?"

இதற்கு அவர் சிரித்திருக்க வேண்டும். யோசித்தார். "போன வருசம் ஒண்ணு நாலு இதழோட வந்துச்சுங்க. அத நான் எழுதுலீங்க. அடுத்த நாளு அஞ்சோட வந்துச்சு, அதத்தான் எழுதினனுங்க" என்றார். மாசி மாசம் தொடங்குவதற்கு அக்காவின் அப்ரூவல் தேவைப்பட்டது என்று நான் அன்றுதான் அறிந்தேன். பஞ்சாங்கக்காரர்களுக்கு இது தெரியாது.

வசந்தத்தைப் பற்றித் திருப்பூரில் பேசுவதே கொஞ்சம் வேடிக்கைதான். எங்களுக்கு அது ஆவணியில் துணியாக வரும், ஐப்பசியில் தைக்கப்படும், மார்கழிக்குள் பெட்டியில் ஏறித் துறைமுகத்துக்குப் போய்விடும். "ஸ்பிரிங் முடிஞ்சுதா?" என்று முதலாளி கேட்டால் ஷிப்மென்ட் போய்விட்டதா என்று அர்த்தம். அசல் வசந்தம் மாசியில் வந்து சுவரோரம் நிற்கும்போது நாங்கள் யாரோ ஊர்ப்பேர் தெரியாதவர்களின் குளிருக்கு ஃபுல் ஸ்லீவ் தைத்துக்கொண்டிருப்போம். வந்ததைப் பார்க்க ஊரில் ஒரு ஆளாவது வேண்டாமா? அந்த வேலையைக் குற்றம் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஒரு பெண்மணி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "மொதப் பூ வந்துருச்சுங்க சார்" என்றார். முகத்தில் ஏதோ இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். அவர் முகத்துக்கு அது ஆல்ட்டர் பண்ணின சந்தோஷம். நானும் மறுநாள் காலை பத்து மணிக்கு, ஒரு மரியாதைக்காகப் போய்ப் பார்த்தேன். பூவும் இல்லை, புடலங்காயும் இல்லை. தூசி படிந்த இலை, சுருட்டிக்கொண்ட மொட்டு. வெறுங்குப்பை. நேராகச் செக்கிங் ஹாலுக்குப் போய், "எங்கக்கா ஒங்க பூவு? லாட்டு மிஸ்ஸிங்கா?" என்றேன், பன்னிரண்டு பெண்கள் கேட்கும்படி. ஒருமுறையாவது அவரைக் குற்றத்தில் பிடித்துவிட்ட ஆனந்தம் எனக்கு.

"துத்தி சாயந்தரந்தானுங்க விரியும். டீ டைமுக்கு வாங்க சார்" என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பெண்கள்தான் சிரித்தார்கள்.

வீம்புக்காக நாலு மணிக்குப் போனேன். காலையில் சுருண்டு கிடந்த அதே இடத்தில் மஞ்சளாக ஒன்று, ஐந்து இதழோடு, வெயில் சாயும் பக்கம் பார்த்து நின்றது. ஐம்பது பைசா அகலம் இருக்கலாம். "நாளெல்லாம் குத்தமாவே பாத்துட்டு இருந்தா, சாயந்தரத்துக்கு மேல கண்ணுக்குக் குத்தமே தெரியறதில்லீங்க சார். இதச் சித்த நேரம் பாத்துட்டுப் போனா மறுபடி நல்லாத் தெரியுதுங்க" என்றார். ஆக, அந்தப் பூவையும் எங்களுக்கு எதிரான ஆயுதத்தைத் தீட்டிக்கொள்ளத்தான் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் அன்று நான் டீ ஆறிப்போகிறவரை அங்கே நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் வெளிநாட்டு பையருக்கு இயற்கை மேல் காதல் வந்தது. அடுத்த வசந்தத்துக்கான குழந்தைகள் டி-ஷர்ட் வரிசைக்குக் 'காட்டுப்பூக்கள்' என்று தலைப்பு வைத்தார்கள். கூடவே, தைக்கிற கம்பெனியில் பசுமை இருக்கிறதா, பல்லுயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆடிட்டர் மூன்று வாரத்தில் வருவார் என்று மெயில். முதலாளி பதறிப்போய்ப் பின்பக்கத் தரிசைப் போய்ப் பார்த்தார். பார்த்தது காலையில். "இதென்னப்பா, காடாட்டம் கெடக்குது. எல்லாத்தையும் வழிச்செறிஞ்சுட்டு நல்லதா புல்லு போடுங்க. பூந்தொட்டி வாடகைக்குக் கெடைக்குமல்ல, அத வெய்யுங்க" என்றார். இயற்கையைக் காட்ட வேண்டுமென்றால் முதலில் இருக்கிற இயற்கையை அகற்ற வேண்டும் அல்லவா. 'இயற்கையை நேசிப்போம்' என்று போர்டு எழுதவும் ஆர்டர் கொடுத்தோம். பையர் என்னுடைய பையர் என்பதால் பொறுப்பு என்னுடையது. வியாழக்கிழமை சுத்தம் செய்யச் சொல்லி ஹெச்.ஆரிடம் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அக்கா என் மேஜைக்கு வந்தார். ஆறு வருஷத்தில் அவர் என் மேஜைக்கு வந்தது அந்த ஒருமுறைதான். எப்போதும் நான்தான் அவர் மேஜைக்குப் போய்க் கெஞ்சுவேன்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க சார். துத்தி இப்பத்தானுங்க காய் புடிச்சிருக்குது. பத்து நாளு விட்டீங்கன்னா காய் முத்தி வெதை உதுந்துருமுங்க. அப்பறம் நீங்க புல்லு போட்டாலுஞ் செரி, கல்லு போட்டாலுஞ் செரி, அடுத்த மாசிக்கு எங்கியாவது ஒரு சந்துல அது வந்துக்குமுங்க."

"பத்து நாளுதானக்கா? ஆடிட்டுக்கு இன்னும் நாள் கெடக்கு. ஹெச்.ஆர்ட்ட நான் சொல்லிருதேன், போங்க."

"மறந்துருவீங்க சார்."

"என்னக்கா சொல்லுதிய, மறப்பனா?"

ஒரு போன். அவ்வளவுதான் நான் செய்ய வேண்டியிருந்தது. ஹெச்.ஆர் உட்கார்ந்திருந்தது அடுத்த அறையில்; போன்கூட வேண்டாம், எட்டிக் கூப்பிட்டிருக்கலாம். அதற்குள் 'காட்டுப்பூ' பிரிண்டின் நடுப்பொட்டு இரண்டு ஷேடு குறைவாக வர வேண்டும் என்று பையரிடமிருந்து மெயில் வந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் காகிதத்தில் இருந்த அந்த மஞ்சளைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். மறந்துவிட்டேன்.

அக்கா என்னை நம்பவில்லை. நம்பாததில் தப்பில்லை, அவர் தன்னைப் பெற்ற தாயையே ட்யூப் லைட்டில் காட்டிப் பார்ப்பவர். நம்பாமல் அவர் செய்த காரியத்தில்தான் கோளாறு. புதன்கிழமை டீ டைமில் போய், காய் பிடித்திருந்த பன்னிரண்டு துத்திச் செடிகளிலும் தண்டில் ஒவ்வொரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டு வந்தார். யாராவது வெட்ட வந்தாலும், அம்பைப் பார்த்தால் இது செக்கிங் அக்காவின் சமாசாரம் என்று விட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

சுத்தம் செய்ய வியாழக்கிழமை அனுப்பப்பட்டவர் ராம்பாபு. பீகார்க்காரர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். செக்கிங் ஹாலில் லாட்டு தூக்குகிறவர், ஆள் இல்லாதபோது பெருக்கவும் போவார். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு ஹிந்தி தெரியாது. ஆனாலும் அக்கா தனக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் அவரைப் பழக்கியிருந்தார். "தீர் திகா தோ நிகாலோ. பூச்னா நஹி." அம்பு தெரிந்தால் எடுத்துவிடு, கேள்வி கேட்காதே. எடுத்துச் சிவப்புக் கூடையில் போடு, அம்பில் கை வைக்காதே, ஆல்ட்டரா ரிஜெக்டா என்று நான் வந்து பார்த்துப் பிரிக்கும்வரை பக்கத்திலேயே நில். மூன்று வருஷமாக ராம்பாபு ஒருநாளும் இதில் தவறியதில்லை.

அன்று நாலு மணிக்கு அக்கா டம்ளரோடு பின்பக்கம் போனபோது எனக்கு நினைவு வந்துவிட்டது. நானும் ஓடினேன். தரிசு அப்படியே இருந்தது. பார்த்தீனியம் இருந்தது, எருக்கு இருந்தது, உடைந்த கோனும் கட்டிங் வேஸ்டும் இருந்தன. பன்னிரண்டு துத்தி மட்டும் இல்லை. இருந்த இடத்தில் பன்னிரண்டு குழி. அக்கா முன்கூட்டியே வந்து, ஆகாததையெல்லாம் அடையாளம் காட்டிவிட்டுப் போயிருக்கிறார், மீதியெல்லாம் பாஸ் என்று ராம்பாபு புரிந்துகொண்டிருந்தார். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, சிவப்புக் கூடையில் ஒரே பக்கமாக அடுக்கி, அம்பு ஒன்றுகூட உரியாமல், கூடைக்குப் பக்கத்தில் நேராக நின்றுகொண்டிருந்தார்.

கூடைக்குள் இரண்டு மொட்டு விரிந்திருந்தது. மணி நாலு தாண்டியிருந்தது இல்லையா. தாங்கள் பிடுங்கப்பட்ட விஷயம் அவற்றுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். ஒவ்வொரு செடியாக எடுத்தார். காயை விரலால் அழுத்திப் பார்த்தார். பச்சை. பாலாக இருந்த விதை. பன்னிரண்டையும் பார்த்துவிட்டு மறுபடி அடுக்கி வைத்தார். 

ராம்பாபுவுக்குப் பயம் வந்துவிட்டது. "தீதீ, குச் ரஹ் கயா க்யா?" என்றார். ஏதாவது விட்டுப்போச்சா அக்கா என்று.

அக்கா நிமிர்ந்தார். நான் அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். "நஹி. சப் டீக். ஏக் பி நஹி சூட்டா" என்றார். ஒன்றும் விட்டுப்போகவில்லை. பிறகு "அச்சா காம்" என்றார்.

நல்ல வேலை. வருஷக்கணக்காக அந்த வாயிலிருந்து 'நல்ல' என்ற ஒரு வார்த்தைக்காக ஒரு கம்பெனியே காத்துக் கிடந்தது. அது வந்தது அன்றைக்குத்தான், அதுவும் ஹிந்தியில். ராம்பாபு சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை. மனிதர் அதைத் தன் ஊருக்குப் போன் போட்டுச் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றிரவு பல விதமாக யோசித்தேன். ஹெச்.ஆர் மேல் போடலாம். முதலாளி அவசரப்படுத்தினார் என்று சொல்லலாம். பையர் மெயிலைக் காட்டலாம். மெர்ச்சண்டைசருக்குக் காரணத்துக்கா பஞ்சம். மறுநாள் காலை மெஷின் ஓடுவதற்கு முன்னால் செக்கிங் ஹாலுக்குப் போய், "அக்கா, ஹெச்.ஆர்ட்ட சொல்ல மறந்துட்டேன். என் தப்புதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் மகளைப் பார்த்த அதே பார்வை. மணிக்கட்டு ரோலிலிருந்து ஒரு அம்பை உரித்து, என் சட்டைப் பைக்கு மேலே, முனை உள்பக்கம் பார்க்கும்படி ஒட்டி விரலால் அழுத்தினார்.

"ரிஜெக்டாக்கா?"

"இல்லீங்க சார். காட்டிட்டீங்கல்ல. ஆல்ட்டர்தானுங்க."

"எப்ப எடுக்கது?"

"ஒட்டினவங்கதானுங்க எடுக்கோணும். பாத்துட்டு எடுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பீஸை இழுத்தார்.

அன்று முழுக்க அந்த அம்போடுதான் சுற்றினேன். டெய்லர்களும் அயர்ன் மாஸ்டரும் பார்த்தார்கள். அம்பைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். முதலாளி மட்டும் என்னப்பா இது என்றார். புது பிராண்ட் லோகோ என்றேன்.

ஆடிட் அமோகமாக நடந்தது. ஆடிட்டர் வந்தது காலை பதினொரு மணிக்கு. பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்து விரித்த புல், வாடகைத் தொட்டியில் வாடகைப் பூ, மேலே போர்டு. படம் எடுத்துக்கொண்டார், நல்ல மார்க் கொடுத்தார். புல் சித்திரையில் காய்ந்தது. வைகாசியில் அந்த இடத்துக்குக் கான்கிரீட் போட்டு டூவீலர் நிறுத்தினார்கள். போர்டை மட்டும் எடுக்கவில்லை. வண்டிகளுக்கு மேல் வெகுநாள் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாசியில் அக்கா டம்ளரோடு வண்டிகளுக்கு நடுவில் போய், கான்கிரீட் ஓரம் குனிந்து தேடியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நாலு நாள் தேடினார். ஐந்தாம் நாள் எல்லோரோடும் கேட் பக்கம் வடைக்குப் போனார். புத்தகத்தில் அந்த வருஷத்துக்கு ஒன்றும் எழுதவில்லை. அந்த வருஷத் தீபாவளியோடு வீட்டுக்காரரும் அவருமாக உடுமலைப் பக்கம் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார்கள். போகிற அன்று என் அம்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதை போன் கவருக்குள் ஒட்டி வைத்திருந்தேன். போன் மூன்று மாறிவிட்டது.

இப்போது நான் சொந்தமாக நாலு மெஷின் போட்டு சாம்பிள் தைத்துக் கொடுக்கிறேன். யூனிட்டுக்குப் பின்னால் மூன்றடிச் சந்து. இரண்டு வருஷமாக அதைச் சுத்தம் செய்ய விடுவதில்லை. பாம்பு வரும் என்று பக்கத்து யூனிட்காரர் சண்டைக்கு வந்தார், நகராட்சியில் சொல்வேன் என்றார். சொல்லுங்கள் என்றேன். இந்த மாசியில் அங்கே ஒரு துத்தி மொட்டு விட்டது. புதன்கிழமை நாலு மணிக்குப் போய் நின்றேன். நாலு பத்துக்கு விரிந்தது. இதழை எண்ணினேன். ஐந்து.

தண்டில் மட்டும் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தது. பழைய புத்தி எங்கே போகும்? தண்டு தெரியாதபடி, பூ மட்டும் விழுகிற கோணத்தில் படம் எடுத்து, பல வருஷமாகத் தொடாமல் கிடந்த அக்காவின் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நீல டிக் விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"போட்டோவுல பாஸ் பண்றதில்லீங்க சார். தண்டு தெரியாம எடுத்திருக்கறீங்க. ஞாயித்துக்கெழம லீவுங்க. நாலு மணிக்கு வர்றனுங்க. அம்பு பத்திரமுங்களா?"

இன்று ஞாயிறு. மணி மூன்றரை. அம்பில் பசை போய்விட்டது. செலோடேப் போட்டுச் சட்டைப் பைக்கு மேல் ஒட்டிக்கொண்டு சந்தில் நிற்கிறேன். நேற்றே மாவுப்பூச்சிக்கு மருந்து அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. இன்றைக்கு ஒரு மொட்டு இருக்கிறது, இன்னும் சுருண்டுதான் நிற்கிறது. அவர் வந்ததும் தண்டைத் திருப்பி நானே முதலில் காட்டிவிடுவதாக இருக்கிறேன்.